கட்டிலருகே நிற்கும் ஆசிரியர்

காலை வேளையில் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நாலைந்து பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். மூத்தவர் ஒருவர் கேள்வி கேட்பார். இளையவர் ஒருவர் கையிலுள்ள தாளைப் பார்த்துத் தயங்கித் தயங்கி விடை கூறுவார். தாதி ஒருவர் குறித்துக்கொள்வார். படுத்திருக்கும் நோயாளி அவர்களுடைய முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். டாக்டர்கள் நோயாளியைப் பார்வையிடுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. ஒன்று மருத்துவம், மற்றொன்று கல்வி. அந்தக் கட்டில் நோயாளிக்குப் படுக்கை. இளைய மருத்துவருக்கு அதுவே வகுப்பறை.

பள்ளியில் மாணவன் கணக்கைத் தவறாகப் போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். தாள் அதைத் தாங்கிக்கொள்ளும். மருத்துவமனையில் மாணவர் தவறு செய்தால் அதைத் தாங்க வேண்டியவர் ஒரு மனிதர். ஆயினும், தவறு நேருமே என்று அஞ்சி மாணவரை நோயாளியிடம் நெருங்கவே விடாமல் இருந்தால், நாளைக்கு மருத்துவர் ஏது? தாதி ஏது? கற்பவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும். நோயாளியைக் காக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யும் பணியே மருத்துவ மேற்பார்வை எனப்படுவது. மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர், பயிற்சித் தாதியர், மருந்தாளர் ஆகிய அனைவரும் இம்மேற்பார்வையின் கீழ்தான் தம் தொழிலைக் கற்கிறார்கள். அது எவ்வாறு தோன்றி வளர்ந்தது, எவ்வாறு நடைபெற வேண்டும், அதனை முன்னின்று நடத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களுக்கும் இதில் சிந்திப்பதற்கு உண்டு.

சொல்லும் பொருளும்

'கிளினிக்' என்னும் சொல்லை இன்று நாம் தெருவோரத்து மருந்தகத்துக்கு வழங்குகிறோம். அதன் வேர் கிரேக்க மொழியில் உள்ள 'கிளினே' என்னும் சொல். அதற்குக் கட்டில், படுக்கை என்பது பொருள். ஆகவே, அச்சொல்லின் பிறப்பிலேயே கட்டிலருகே இருத்தல் என்னும் கருத்து அடங்கியிருக்கிறது.

'மேற்பார்வை' என்னும் நம் சொல்லோ மேலிருந்து பார்த்தல் என்று பொருள்படுகிறது. ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி செய்ததும் மேற்பார்வைதான். ஆள் வந்ததா, நிரை முடிந்ததா, பால் எத்தனை வாளி என்று எண்ணுவது அது. வேலை நடந்ததா என்பதை அறிய அம்முறை போதும். வேலை செய்பவர் வளர்ந்தாரா என்பதை அறிய அது போதாது. மருத்துவ மேற்பார்வையாளர் மேலே நிற்பவர் அல்லர். கற்பவரின் பக்கத்தில், கட்டிலின் அருகே நிற்பவர். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

கட்டிலருகே கல்வி வந்த வரலாறு

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் மருத்துவம் ஏட்டுக் கல்வியாகவே இருந்தது. பழைய நூல்களைப் படித்து, அவற்றை வைத்து வாதிட்டுப் பட்டம் பெற்றவர்கள் பலர். இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரப் பேராசிரியர் ஹெர்மன் போர்ஹாவே (1668–1738) குறிப்பிடத்தக்கவர். அவர் ஒரு சிறு மருத்துவமனையில் பன்னிரண்டே கட்டில்களை வைத்துக்கொண்டு, மாணவர்களை நோயாளிகளின் அருகே அழைத்துச் சென்று கற்பித்தார். அங்கே கற்றவர்கள் வியன்னாவுக்கும் எடின்பரோவுக்கும் அம்முறையைக் கொண்டு சென்றார்கள்.

தாதியர் கல்வியில் இத்தகைய மாற்றத்தைச் செய்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1860-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கியது. அங்கே பயிற்சிக்கு வந்த பெண்கள் வார்டுகளில் வேலை செய்தே கற்றார்கள். ஒவ்வொருவரின் திறமையும் நடத்தையும் மாதந்தோறும் ஏட்டில் பதியப்பட்டன. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூற வந்த வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில், நோயாளியின் அருகிலிருந்து உதவுவோரையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருப்பது நாம் அறிந்ததே. அவ்வுறுப்புக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் தேவை என்பதை உலகம் ஒப்புக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இலும், அதன் மருத்துவக் கல்லூரி 1893-இலும் திறக்கப்பட்டன. அங்கே வில்லியம் ஆஸ்லர் ஒரு புதுமை செய்தார். மாணவர்களைப் பார்வையாளராக நிறுத்தாமல், வார்டில் பொறுப்புள்ள பணியாளராகவே அமர்த்தினார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதும், உடலைச் சோதிப்பதும், அவற்றை மூத்தவரிடம் எடுத்துரைப்பதும் மாணவரின் வேலை. மாணவர்களை வார்டுகளிலே வைத்துக் கற்பித்ததையே தம் பணிகளுள் தலையாயதாக ஆஸ்லர் கருதினார்.

நம் நாட்டுப் பகுதியில் 1905-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 23 மாணவர்களுடன் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது சிப்பாய் லைன்ஸ் பகுதியில், பொது மருத்துவமனையின் அருகிலேயே அமைந்தது. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்று, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது அப்பள்ளியே. எங்கெங்கே மருத்துவக் கல்வி வேரூன்றியதோ, அங்கெல்லாம் பள்ளியும் மருத்துவமனையும் அடுத்தடுத்து நின்றதைக் காண்கிறோம்.

ஓர் இரவு கற்பித்த பாடம்

மாணவரைப் பொறுப்பில் அமர்த்துவது நல்லது. ஆனால், பொறுப்பைக் கொடுத்துவிட்டு மூத்தவர் அகன்றுவிட்டால் என்ன நேரும்? 1984-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை கூறுகிறது.

லிபி சயான் என்னும் பதினெட்டு வயது மாணவி காய்ச்சலும் உடல் உதறலுமாக ஓரிரவில் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்தவர்கள் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள் இருவர். மூத்த மருத்துவருடன் தொலைபேசியில் பேசினார்கள். அவர் நேரில் வரவில்லை. அம்மாணவி மனச்சோர்வுக்காக ஏற்கெனவே ஒரு மருந்து உண்டு வந்தார். அம்மருந்தோடு சேரக்கூடாத வேறொரு மருந்து அன்றிரவு அவருக்கு ஊசி வழியே தரப்பட்டது. நோயாளி அமைதியின்றித் துடிக்கிறார் என்று தாதியர் அழைத்தபோது, ஏராளமான நோயாளிகளை ஒருவராகக் கவனித்துக்கொண்டிருந்த முதலாண்டு மருத்துவர் தொலைபேசியிலேயே கட்டளை தந்தார். விடிவதற்குள் காய்ச்சல் மிகவும் ஏறி, இதயம் நின்று, அப்பெண் இறந்தார்.

மரணத்தின் சரியான காரணம் குறித்து நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாதம் நடந்தது. ஆனால், அவ்வழக்கை ஆராய்ந்த ஜூரிகள் இளம் மருத்துவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தவில்லை. அவர்களுக்கு முறையான மேற்பார்வை இல்லாததையும், அவர்கள் ஓய்வின்றி உழைக்க வைக்கப்பட்டதையும் கடிந்துரைத்தார்கள். பின்னர் டாக்டர் பெர்ட்ரண்டு பெல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989-இல் நியூயார்க் மாநிலம் புது விதிகளைக் கொண்டுவந்தது. பயிற்சி மருத்துவர்கள் வாரத்திற்குச் சராசரி 80 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்தாற்போல் 24 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யலாகாது என்பது ஒரு விதி. மூத்த மருத்துவரின் மேற்பார்வை எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

உலகம் முதல் விதியையே பெரிதாகப் பேசியது. பெல் அவர்களோ, வேலை நேரத்தைக் குறைப்பதைவிட மேற்பார்வையே நோயாளியைக் காப்பது என்று இறுதிவரை வலியுறுத்தினார். நன்றாக உறங்கி எழுந்த இளைஞரும் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணராவிட்டால் தவறவே செய்வார். தெரியாது என்று உணர்ந்தும், அதை மூத்தவரிடம் சொல்ல அஞ்சினால், அப்போதும் தவறவே செய்வார். மேற்பார்வையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது: கற்பவர் தக்க நேரத்தில் உதவி கேட்கிறாரா? கேட்க முடிகிற நிலை அவருக்கு இருக்கிறதா?

மூன்று கடமைகள்

மேற்பார்வையாளரின் கடமைகளை மூன்றாக வகுத்து 1986-இல் எழுதினார் பிரிஜிட் புராக்டர் என்னும் ஆங்கில அம்மையார். அவர் மனநல ஆலோசகர்களைப் பயிற்றுவித்தவர். அவருடைய வகுப்பு பின்னர்த் தாதியர் உலகில் பெரிதும் பரவியது.

முதலாவது, ஒழுங்கு காத்தல். நோயாளிக்குத் தீங்கு நேராமல், தொழிலின் நெறி வழுவாமல் வேலை நடைபெறுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, வளர்த்தல். கற்பவரின் அறிவும் கைத்திறனும் நாளுக்கு நாள் கூடச் செய்வது. மூன்றாவது, தேற்றுதல். முதன்முதலாக ஒரு மரணத்தைக் கண்ட இளம் தாதி, அன்றிரவு உறங்கமாட்டார். குழந்தையை இழந்த தாயிடம் செய்தி சொல்ல நேர்ந்த பயிற்சி மருத்துவருக்கு மறுநாள் கை நடுங்கும். அவர்களை உட்கார வைத்து, நடந்ததைப் பேசச் சொல்லிக் கேட்பதும் மேற்பார்வையாளரின் வேலையே.

பல இடங்களில் முதற்கடமை மட்டும் நடைபெறுகிறது. நேரம் இருந்தால் இரண்டாவது நடைபெறுகிறது. மூன்றாவது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. மூன்றும் ஒன்றையொன்று தாங்குவன என்பதை நாம் உணர வேண்டும். மனம் உடைந்தவர் கற்கமாட்டார். கற்காதவரால் நோயாளிக்குக் காப்பு இல்லை.

எவ்வளவு விடுவது?

மேற்பார்வையாளருக்கு நாள்தோறும் எழும் கேள்வி இது. அதிகமாகப் பிடித்துக்கொண்டால் இளையவர் வளரமாட்டார். அதிகமாக விட்டுவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. நீந்தக் கற்பிப்பவர் எப்போது கையை எடுப்பது என்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதற்கு ஓர் ஒழுங்கான வழியை நெதர்லாந்து நாட்டுக் கல்வியாளர் ஒல்லே டென் காட்டே 2005-ஆம் ஆண்டு முதல் விளக்கி வருகிறார். இவர் எத்தகைய மாணவர் என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஒரு வேலையை இவரிடம் நம்பி ஒப்படைக்கலாமா என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்த நம்பிக்கைக்கு ஐந்து படிகள் உண்டு. முதற்படியில் கற்பவர் பார்க்க மட்டும் செய்வார். இரண்டாம் படியில் மூத்தவர் பக்கத்தில் நிற்க, தாமே செய்வார். மூன்றாம் படியில் மூத்தவர் அருகில் இல்லாவிட்டாலும் அழைத்தவுடன் வந்து சேரும் தொலைவில் இருப்பார். நான்காம் படியில் தனியாகச் செய்வார். ஐந்தாம் படியில், பிறர் செய்வதைத் தாமே மேற்பார்வையிடுவார்.

கையில் ஊசி குத்தி இரத்தக் குழாய் வழியே நீர்மம் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். ஒரு பயிற்சி மருத்துவர் அதில் நான்காம் படியை விரைவில் எட்டிவிடலாம். அதே மருத்துவர், மார்புக் கூட்டுக்குள் குழாய் செலுத்தும் வேலையில் இரண்டாம் படியிலேயே இருக்கலாம். முன்னதில் திறமை காட்டினார் என்பதற்காகப் பின்னதையும் அவரிடம் விட்டுவிடலாகாது. ஒன்றில் தடுமாறினார் என்பதற்காக அவரை எதற்கும் உதவாதவர் என்று ஒதுக்கலும் ஆகாது. இன்ன ஆளுக்கு இன்ன வேலை என்று ஆராய்ந்து பணிப்பதற்கு வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசியலுக்குச் சொன்ன அந்நெறி வார்டுக்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

மலேசியாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றும் காலம் 2008-இல் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டப்பட்டது. உள்நோய் மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு எனத் துறை துறையாக மாறி மாறி அவர்கள் பணியாற்றுகிறார்கள். புதுத் துறைக்குச் செல்லும்போது தொடக்கத்தில் சில நாள்கள் மூத்த பயிற்சி மருத்துவர் ஒருவரின் பின்னாலேயே சென்று வேலையைப் பழகுவது வழக்கம். இதனை 'டேகிங்' என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்நாள்களை வெறும் நீண்ட வேலை நாள்களாக்கிவிட்டால் பயன் இல்லை. பின்தொடர்பவர் எதைப் பார்த்தார், எதைத் தாமே செய்தார், எந்தப் படியில் நிற்கிறார் என்று யாரேனும் ஒருவர் நாள்தோறும் கேட்டறிந்தால்தான் அது மேற்பார்வையாகும்.

ஐந்து நிமிடப் பாடம்

'வார்டில் கற்பிக்க நேரம் ஏது?' என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடையாக 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். சில நிமிடங்களிலேயே அதை நடத்திவிடலாம். நமக்குப் பழக்கமான டெங்கிக் காய்ச்சலைக் கொண்டு அதனை விளக்குவோம்.

ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு அன்று காலை காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்த மருத்துவர் வருகிறார்.

"உங்கள் முடிவு என்ன?" என்று கேட்கிறார். 

"காய்ச்சல் விட்டுவிட்டது, டாக்டர். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன்."

"எவற்றைக்கொண்டு அப்படி முடிவு செய்தீர்கள்?" 

"உடல் வெப்பம் 37 பாகைக்கு இறங்கிவிட்டது. வயிறு வலிக்கிறது என்கிறார். இரவு மூன்று முறை வாந்தி எடுத்தாராம். வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிட்டதால் இருக்கலாம் என்று எண்ணினேன். இரத்தத்தில் தட்டணுக்கள் நேற்றைவிடக் குறைந்திருக்கின்றன. சிவப்பணுக்களின் அடர்த்தி கூடியிருக்கிறது."

"டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் நாம் விழித்திருக்க வேண்டிய நேரம். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியே கசியும். இரத்தம் கெட்டிப்பட்டுச் சிவப்பணுக்களின் அடர்த்தி கூடுவது அதன் அடையாளம். வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் எச்சரிக்கைகள். நீங்கள் வயிற்று வலியை விசாரித்து அறிந்தீர்கள். இரத்தச் சோதனையை நேற்றைய கணக்கோடு ஒப்பிட்டும் பார்த்தீர்கள். இரண்டும் நன்று. ஆனால், வலிக்கு எளிதான ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டு அதோடு நின்றுவிட்டீர்கள். இனி இந்த அறிகுறிகளைக் கண்டால் காலை வரை காத்திராமல் என்னை உடனே அழையுங்கள். இப்போது இருவரும் சேர்ந்து அவரைப் பார்ப்போம்."

இவ்வுரையாடலில் ஐந்து படிகளும் அடங்கிவிட்டன. முதலில் இளையவரைத் தம் முடிவைச் சொல்ல வைத்தார். அடுத்து அதற்கு ஆதாரம் கேட்டார். பிறகு எங்கும் பயன்படும் ஒரு பொது விதியைக் கற்பித்தார். நன்றாகச் செய்ததை இன்னது என்று குறிப்பிட்டுப் பாராட்டினார். தவற்றைத் திருத்தி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். முதற்படியே இவற்றுள் அருமையானது. மூத்தவர் வந்தவுடன் தாமே விடையைக் கூறியிருந்தால், அன்றைய நோயாளி பிழைத்திருப்பார். ஆனால், இளையவரின் மனத்திலிருந்த தவறான எண்ணம் வெளிப்பட்டிராது. அது அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்.

அச்சம் என்னும் பகை

மேற்கண்ட உரையாடலை வேறு விதமாகவும் நடத்தலாம். 'இதுகூடத் தெரியாதா? எந்தக் கல்லூரியில் படித்தீர்?' என்று நோயாளியின் எதிரிலும் தாதியரின் எதிரிலும் கேட்கலாம். பல இடங்களில் அப்படியே நடந்திருக்கிறது. 'நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்' என்று சொல்லும் மூத்தவர்களும் உண்டு.

இம்முறையின் தீமை கேட்பவரின் மனம் புண்படுவதோடு நிற்பதில்லை. ஒருமுறை அவமானப்பட்டவர் மறுமுறை கேட்கமாட்டார். இரவு இரண்டு மணிக்கு ஐயம் எழும். தொலைபேசியைக் கையில் எடுப்பார். கேட்கப்போகும் சொற்களை நினைத்துக் கீழே வைத்துவிடுவார். அந்த ஒரு கணத்தில் நோயாளியின் காப்பு அறுந்துபோகிறது. ஆகவே, கடுஞ்சொல் நாகரிகக் குறை மட்டுமன்று. மருத்துவக் குறையும் ஆகும். பயிற்சி மருத்துவர்கள் மிரட்டலுக்கு உள்ளாகிறார்கள் என்னும் குறை எழுந்ததை அடுத்து, 2022-இல் மலேசியச் சுகாதார அமைச்சு பணிச்சூழலை ஆராயத் தனிக்குழு அமைத்தது. இது வீட்டுக்குள் பேசி முடிக்கும் விவகாரம் அன்று, நாட்டின் கவலை என்பது அதனால் விளங்கும்.

பெரியவர் முன் எதிர்த்துப் பேசலாகாது என்று பழக்கப்பட்டது நம் சமுதாயம். அது நல்ல பண்புதான். ஆனால், மூத்த மருத்துவர் எழுதிய மருந்தின் அளவில் பிழை இருப்பதைப் பயிற்சித் தாதி கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் வாய் திறக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. 'எனக்கு ஓர் ஐயம், சற்றுப் பார்க்கிறீர்களா?' என்று கேட்கும் பழக்கத்தை அவருக்கு உண்டாக்க வேண்டியவர் மேற்பார்வையாளரே. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இதற்கு உதவுகிறது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்னும் நான்கையும் இவ்வரிசையிலேயே சொல்வது அம்முறை. இப்படி ஒரு வடிவம் கையில் இருந்தால், இளையவர் தயங்காமல் பேசுவார். மூத்தவரும் தெளிவாகக் கேட்பார்.

முன்னின்று நடத்துவோர் செய்ய வேண்டியவை

மேற்பார்வை தனி மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி நடைபெறலாகாது. அதை முன்னின்று நடத்துவதற்கு ஒரு தலைவர் வேண்டும். துறைத் தலைவரோ, தலைமைத் தாதியோ, பயிற்சிப் பொறுப்பாளரோ அவ்விடத்தில் இருக்கலாம். அவர் கவனிக்க வேண்டியவற்றுள் தலையாயவை சில உண்டு.

ஒவ்வொரு வேளையிலும் இளையவர் யாரை அழைப்பது என்பது பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். 'மூத்தவர் யாரையாவது கேள்' என்பது விடையாகாது. 'யாராவது' என்பவர் இரவில் கிடைக்கமாட்டார். இன்னின்ன நிலை வந்தால் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் எழுதி வைக்க வேண்டும். இரத்த அழுத்தம் திடீரென்று தாழ்தல், மூச்சு முட்டுதல், நினைவு மாறுதல், தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற நேர்தல் போன்றவை அதில் இடம்பெறலாம். அழைப்பது விதி என்று ஆகிவிட்டால், அழைப்பதில் வெட்கம் இல்லை.

மேற்பார்வைக்கு என நேரம் ஒதுக்க வேண்டும். வெளிநோயாளர் வரிசை நீண்டிருக்க, அறுவைக் கூடத்தில் ஆள் காத்திருக்க, இடையே கற்பிக்கச் சொன்னால் எவரால் இயலும்? ஒதுக்காத நேரம் கிடைக்காத நேரமே.

சிறந்த மருத்துவர் எல்லாரும் சிறந்த ஆசிரியர் ஆகமாட்டார். சிறந்த தாதியரும் அப்படியே. புலமை வேறு, கற்பிக்கும் ஆற்றல் வேறு. நன்னூலின் பாயிரம் ஆசிரியரின் இலக்கணத்தோடு நிற்காமல், பாடம் சொல்லும் முறைக்கும் தனியிடம் தந்திருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆதலின், மேற்பார்வையாளருக்கும் பயிற்சி வேண்டும். அவர் கற்பிப்பதை மற்றொருவர் பார்த்துக் கருத்துரைக்கவும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இளையவரின் குறைகளைக் கேட்டுத் தேற்றுபவரும், அவருக்கு மதிப்பெண் இடுபவரும் ஒருவராகவே இருந்தால், இளையவர் தம் குறையை மறைக்கவே பார்ப்பார். கூடுமானால் இவ்விரு பணிகளையும் இருவரிடம் பிரித்துத் தர வேண்டும். கூடாதபோது, இப்போது பேசுவது கற்பதற்காக, மதிப்பீட்டுக்காக அன்று என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கட்டிலில் இருப்பவரையும் மறக்கலாகாது. தம்மைத் தொடுபவர் மாணவர் என்று நோயாளிக்குச் சொல்லி, அவருடைய இசைவைப் பெற வேண்டும். மூத்தவர் அருகில் இருக்கிறார் என்று தெரிந்தால், பெரும்பாலான நோயாளிகள் அன்போடு இசைவார்கள். கல்விக்கு அவர்கள் செய்யும் உதவி அது.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி

இம்முறையிலிருந்து பள்ளி ஆசிரியர் உலகம் பெற்ற ஒன்றும் உண்டு. 1950-களில் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயிற்சி ஆசிரியர்களை மேற்பார்வையிட்டு வந்த மாரிஸ் கோகன் என்பவர், வகுப்புக்கு வந்து சற்று நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குறிப்பெழுதிச் செல்லும் பழைய முறையால் ஆசிரியர்கள் வளரவில்லை என்று கண்டார். அவரும் அவர் தோழர்களும் வகுத்த புது முறைக்கு 'கிளினிக்கல்' மேற்பார்வை என்றே பெயரிட்டார்கள். அதே பெயரில் ராபர்ட் கோல்டுஹாம்மர் 1969-இலும், கோகன் 1973-இலும் நூல்கள் எழுதினார்கள்.

கோல்டுஹாம்மர் கூறும் படிகள் ஐந்து. வகுப்புக்கு முன் ஆசிரியரும் மேற்பார்வையாளரும் கலந்து பேசுதல், வகுப்பைப் பார்த்தல், கண்டதை ஆராய்தல், மீண்டும் ஆசிரியரோடு அமர்ந்து பேசுதல், இறுதியில் மேற்பார்வையாளர் தம் மேற்பார்வையையே ஆராய்ந்து பார்த்தல். ஐந்தாவது படியை ஈண்டு ஊன்றி நோக்க வேண்டும். குறை காண வந்தவர் தம் குறையையும் காண வேண்டும் என்கிறது அது.

மருத்துவமனையின் இளம் தாதியும், பள்ளிக்குப் புதிதாக வந்த பயிற்சி ஆசிரியரும் ஒரே நிலையில் இருப்பவர்கள். இருவரும் பிறர் பார்க்கத் தொழில் செய்கிறார்கள். இருவருக்கும் தெரியாதது நிறைய உண்டு. இருவரும் கேட்க அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு மூத்தவர்களாகிய நாம் கொடுக்கக்கூடிய முதல் உதவி, கேட்பதற்கு இடம் தருவதே.

நள்ளிரவில் ஓர் இளையவர் அழைத்து, 'மன்னிக்க வேண்டும், டாக்டர்; ஓர் ஐயம்' என்று தொடங்கும்போது, 'அழைத்தது நல்லது, சொல்லுங்கள்' என்று மறுமுனையிலிருந்து விடை வருமாயின், அந்த மருத்துவமனையில் மேற்பார்வை செம்மையாக நடைபெறுகிறது என்று கொள்ளலாம். அங்கே இளையவர் கற்கிறார். நோயாளியும் அச்சமின்றி உறங்கலாம்.